அயர்லாந்து வீட்டுக்குச் சாயாக்கடை விசாரணை

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி லிங்கராஜ் அவர்களுக்கு,

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கம்பி, ஆணி வியாபாரம் செய்யும் நேசையன் எழுதுவது. தேவகிருபையால் நானும் சுசீலாபாயும் இங்கே சுகம். அங்கே தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உங்கள் மகன் பிரதீஷ் அயர்லாந்தில் குடித்துவிட்டுப் பாடும் வீடியோவைச் சபைக்காரர்கள் உங்களிடம் காட்டியதாகவும், அதற்குக் காரணம் நான்தான் என்று தாங்கள் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். காரணம் நான்தான். ஆனால் குற்றம் என்னுடையதல்ல.

அவனும் என் மகள் ஜினியும் அங்கே வீடு வாங்குவது தாங்கள் அறிந்ததே. வங்கி கடன் தருகிறது, வக்கீல் பத்திரம் பார்த்து வில்லங்கம் இல்லை என்றுவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. "தெருமுக்கில உள்ள சாயாக்கடையில விசாரிச்சியா மக்கா?" என்று அவனிடம் கேட்டேன். பத்திரம் பொய் சொல்லும், சாயாக்கடை சொல்லாது. அப்படி விசாரிக்காமல் நாம் எந்த இடத்தை வாங்கியிருக்கிறோம்? "மாமா, இங்க சாயாக்கடை இல்ல, பப்தான் உண்டு" என்றான். "ஆளுக உக்காந்து ஊர்க்கதை பேசுத இடம் எதுவோ அதுதான் சாயாக்கடை, போய் விசாரி" என்றேன். பப் என்றால் சாராயக்கடை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்று அவன் ஒரு கிளாஸ் வாங்கி, விசாரணை சூடுபிடித்து, தினமும் போய், கடைசியில் பார்த்தால் பக்கத்து நாற்காலிக்காரரே வீட்டை விற்கிற டெக்லன் என்ற வெள்ளைக்காரர். இருவரும் சேர்ந்து பாடியதுதான் அந்த வீடியோ. ஞானப்பாட்டுதான் சம்பந்தி, ராகம்தான் கொஞ்சம் சரியில்லை.

இதோடு விட்டதா? டெக்லனுக்கு நம் வழக்கம் பிடித்துப்போய், "அம்மா வாழ்ந்த வீடு, வாங்குகிறவர்கள் எப்படிப்பட்ட குடும்பம் என்று உங்கள் சாயாக்கடையில் நானும் விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று நிற்கிறார். அவருடைய சினேகிதர் ஒருவர் கோவளத்துக்கு வந்திருக்கிறாராம். உங்கள் அருமை மகன் அவருக்கு எங்கள் முக்கிலுள்ள சரசம்மா கடைக்கு வழி சொல்லிவிட்டான். அவள் கடைக் கழுவுதண்ணி என் வீட்டு கேட்டுக்கு முன்னால் ஓடுகிறதென்று கார்ப்பரேஷனில் புகார் எழுதிக்கொடுத்து, பெஞ்சையும் எடுக்க வைத்தவன் நான். இப்போது காலையும் மாலையும் அங்கேதான் சாயா குடிக்கிறேன், நின்றுகொண்டே, பெஞ்சு இல்லையே. நேற்றைய பழம்பொரியைத் தின்று "அசலாயிருக்கு சரசம்மா" என்கிறேன். "ஓ, சாருக்கு இப்பழாணோ ருசி தெரிஞ்சது?" என்கிறாள். என் வயிறு இரண்டு நாளாகச் சரியில்லை.

ஆனாலும் தாங்கள் கலங்க வேண்டாம். இந்த ஊரில் நேசையனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார்கள். வீடு முடிந்ததும் நானும் சுசீலாபாயும் அங்கே போய்க் கடைசிக்காலம்வரை பிள்ளைகளோடு இருந்து, பிரதீஷை நேர்வழியில் நடத்துவோம் என்று வாக்களிக்கிறேன்.

உங்கள் வீடும் தென்னைவிளையும் ஆசீர்வாதத்தால் நிறைய வேண்டிக்கொள்ளும்,
நேசையன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் அந்தச் சினேகிதர் டாக்சிக்காரனோடு வந்து விசாரித்துவிட்டார். கேட்டுக்குப் பின்னால் நின்று நானே கேட்டேன். "மோள் தங்கம், மருமோன் பாவம், அம்மா சாது. அச்சன் மாத்திரம் வேண்டா" என்றாள் சரசம்மா. அச்சன் என்றால் அப்பன், அதாவது நான். டெக்லன் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேசையன் அந்த வீட்டில் தங்கக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. பிரதீஷ் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டானாம். சுசீலாபாய் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களைப் பற்றிச் சரசம்மாவுக்கு ஒன்றும் தெரியாததால், தாங்கள் தாராளமாகப் போகலாம்.