ஏழாம் நம்பர் ஏணி நகர்ந்துகொண்டிருக்கிறது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஏணி வாடகைக் கடையிலிருந்து பணிவான வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் கடையிலுள்ள முப்பத்தொரு ஏணிகளும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பத்தொன்று என்று சொல்லும்போதே நெஞ்சு உறுத்துகிறது. வாடகைக்குப் போனதையும் சேர்த்து முப்பதுதான் கணக்கில் வருகிறது.

பேப்பரில் எழுதாததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கடையில் பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. எல்லாம் போனிலேயே நடக்கட்டும் என்று தங்கள் மகள், அதாவது என் மருமகள், ரசீது புத்தகத்தையே ஒழித்துவிட்டாள். அவள் ஆர்டர் குறித்துவைக்கும் பக்கம் ஒன்று கடைப் போனில் இருக்கிறது. அதைத் திறந்துவைத்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தாங்கள் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் நானும் இலக்கணமாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பேசி முடித்ததும் பக்கத்துக் கடையில் அச்செடுத்துத் தபாலில் சேர்த்துவிடுவேன். வாங்க வாங்க, என்ன ஏணி வேணும், எட்டடியா பத்தடியா, பல்பு மாட்டவா, பல்பு மாட்ட எட்டடி போதும், எடுத்துட்டுப் போங்க. மன்னிக்கவும் சம்பந்தி, அது தங்களிடம் சொன்னதல்ல. அழிக்கத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மருமகள் ஒவ்வோர் ஏணியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லையை ஒட்டினாள். வயர் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆனால் ஏணி எங்கே போனாலும் போனில் சிவப்புப் புள்ளியாகத் தெரியுமாம். ஏணிகளுக்கு நம்பரும் வைத்தாள். மேல்படிக்கு அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில் ஒரு நம்பர். எனக்கு எல்லா ஏணியும் ஏணிதான். அதோடு விட்டாளா? வீட்டில் உட்கார்ந்தபடியே ஜனங்கள் போனில் ஏணியைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டிவிட்டு வரலாம் என்று ஏற்பாடு செய்தாள். ஏணி என்ன சம்பந்தமா, படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க? இதையும் அழிக்கத் தெரியவில்லை.

நான்கு நாள் முன்பு நம் பெயிண்டர் வந்தார். இருபது வருடமாக என் ஏணியில் ஏறுகிறவர். வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அதே ஏணியைப் போனில் பதிந்தவர் அதே நேரத்தில் வந்து நின்றார். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைப் பிடிக்க, கடை நடுவில் இழுபறி. "மாமா, போன்ல புக் பண்ணவங்களுக்குத்தான் குடுக்கணும்" என்றாள் மருமகள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்தக் கடையில உக்காந்தவன்" என்றேன். இத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம். அவள் போனை மேசைமேல் வைத்து, "சரி மாமா, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகனைக் கேட்டால், "நான் நடுவுல வரலப்பா" என்கிறான். என் மனைவி சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அன்றிலிருந்து இந்தப் போனுடன் நான் படும் பாட்டைச் சொல்லி மாளாது. டிங் என்றால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அமுக்கினேன். ஒரே ஏணிக்கு ஐந்து பேர் வந்து நின்றார்கள். சரி, அமுக்க வேண்டாம் என்று விட்டேன். கடையை மூடிவிட்டார்கள் என்று அதுவே எல்லோருக்கும் சொல்லிவிட்டது. கடையில் உட்கார்ந்திருக்கும் என்னையே ஒருவர் போனில் கூப்பிட்டுக் கடையை ஏன் மூடினீர்கள் என்று துக்கம் விசாரித்தார். இன்னொரு மகராசன் ஏணிக்கு ஐந்து நட்சத்திரமும் எனக்கு ஒரு நட்சத்திரமும் போட்டு, "ஏணி ஆடல, முதலாளிதான் ஆடுறாரு" என்று எழுதியிருக்கிறான். ஊரே படிக்கிறது.

நேற்றுக் காலையில்தான் பெரிய கூத்து. சுவரில் மருமகள் ஏழு என்று எழுதிவைத்த இடம் காலியாக இருந்தது. போனைப் பார்த்தால் ஏழாம் நம்பர் மார்க்கெட் தெருவில் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏணிக்குக் காலா முளைத்தது? வாடகைக்கும் கொடுக்கவில்லை, திருட்டேதான். ஒரு வீட்டில் பெரிய ஏணியை இறக்கிவிட்டு வரப் போயிருந்த நம் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, உடனே வா என்றேன். அவர் கிளம்பி வர வர, திருடனும் கடைப் பக்கமே வந்துகொண்டிருந்தான். அவ்வளவு திமிர்! வண்டியில் ஏறித் துரத்தினோம். நீலப் புள்ளி நானாம், சிவப்புப் புள்ளி ஏணியாம். நீலத்தின் மேல் சிவப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் திரும்பினால் அவனும் திரும்புகிறான். நின்றால் நிற்கிறான். "முதலாளி, அவன் நம்மளப் பாத்துட்டான்" என்றார் வண்டிக்காரர். வேகமாகப் போய்ப் பார்த்தோம், அவனும் வேகமெடுத்தான். ஆஸ்பத்திரியை மூன்று சுற்றுச் சுற்றினோம். வாசலில் இருந்த காவலாளி பிரசவ கேஸ் என்று நினைத்துக் கேட்டைத் திறந்தேவிட்டார்.

கடைசியில் மேலேயிருந்து பார்த்தால்தான் சரிப்படும் என்று தோன்றியது. எங்கள் வண்டிமேல் எப்போதும் ஓர் ஏணி கட்டியிருக்கும், அதுதான் விளம்பரப் பலகை. பழையதை நாலு நாள் முன்பு அந்த இழுபறிக்குப் பிறகு பெயிண்டருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டதால், கைக்கு அகப்பட்ட வேறொன்றைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்துப் புதிதாகக் கட்டும் ஒரு வீட்டின் சுவரில் சாத்தினேன். அங்கே பார்த்தால் அதே பெயிண்டர் வேலை செய்துகொண்டிருக்கிறார்! "பாத்து ஏறுங்க முதலாளி" என்று ஓடிவந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் நின்று நாலு திசையும் பார்த்தேன். ஏணியைக் காணோம். போனோ, மிக அருகில், மிக அருகில் என்கிறது. ஒலி எழுப்பவா என்று கேட்டது, எழுப்பு என்றேன். காலுக்கடியில் ஏதோ பூச்சி கீச்சுகீச்சென்று கத்தியதே தவிர வேறொன்றும் இல்லை. மிக அருகில் இருப்பவர் யார்? கீழே பார்த்தேன். பெயிண்டர். எனக்குப் பொறி தட்டியது. உச்சியில் நின்றபடியே, "என் ஏழாம் நம்பர் எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் செத்துவிட்டது சம்பந்தி. நான் கடைசிப் படி இறங்கும்வரை ஏணியை விடாமல் பிடித்திருந்தார். இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உங்க ஏணியில கால் வைக்க மாட்டேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரா எடுத்திருப்பார்? ஆனால் வில்லை பொய் சொல்லுமா? இந்த நிமிடம் பார்த்தால் ஏழாம் நம்பர் நம் கடை வாசலிலேயே நிற்கிறதாம். எட்டிப் பார்க்கிறேன், வாசலில் நம் வண்டியைத் தவிர ஈ காக்கை இல்லை. எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா என்று புரியவில்லை.

ஆகையால் தாங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். தாங்களாகவே சொல்வதுபோல், இங்கே உனக்கென்ன வேலை, கடைக்குப் போ என்று தங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பி வையுங்கள். நான் கூப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. வந்ததும் முதல் காரியமாக இந்த வில்லைகளையெல்லாம் பிய்த்தெறிந்துவிட வேண்டும். வயதில் பெரியவன், நான் இறங்கிப் போவது அழகல்ல. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தங்கள் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லாதிருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அச்செடுக்க எழுந்தேன். யாரும் தொடாமலே கீழே எழுத்து வருகிறது.

*மாமா, நான்தான். இந்தப் பக்கம் என் போன்லயும் தெரியும். நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்து படிச்சிட்டிருக்கேன். அப்பாவும் பக்கத்துல உக்காந்து படிக்கிறாரு, சிரிச்சுச் சிரிச்சு அவருக்கு இருமலே வந்துடுச்சு. நேத்து பூரா ஏழாம் நம்பர் ஊரச் சுத்துறதப் பாத்தேன், விளம்பரத்துக்கு வண்டி ஓடுதுன்னு நெனச்சேன். கண்ணாடியப் போட்டுட்டு, வண்டி மேல இருக்கற ஏணியப் பாருங்க. மேல்படிக்கு அடியில.*

பார்த்துவிட்டு வந்தேன். ஏழு.

பெயிண்டர் வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்மேல்தான் என்றேன். "சரி, ஆனா இனிமே போன்லதான் புக் பண்ணுவேன், உங்க மருமககிட்ட" என்றார்.

அம்மா, வில்லை இருக்கட்டும். கண்ணாடிக் கூட்டுக்கும் ஒன்று ஒட்டு. அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் நான் பேசியது தப்பு. உனக்குத் தெரியக் கூடாது என்று மேலே சொன்னதையெல்லாம் எனக்கு அழிக்கத் தெரியவில்லை. நீயே வந்து அழித்துவிடு. யாருங்க அது? பன்னெண்டடி ஏணியா? கொஞ்சம் உக்காருங்க. மருமக வந்துடட்டும்.