மைக்கம்மா கோழி தேர்ந்த படலம்

வாழ்க மைக்கம்மா! ஏழு நடைமேடைகளை ஒற்றை நாவால் ஆண்டவள். உறங்கினோரை எழுப்பி, எழுந்தோரை ஓட்டி, ஓடினோரில் பாதிப் பேரைத் தவறான பெட்டியில் ஏற்றிவிட்ட வெண்கலத் தொண்டையினள். 'இன்னும் சற்று நேரத்தில்' என்னும் மூன்று சொற்களை அம்பாக எய்து ஆயிரம் மூட்டைகளை ஆயிரம் தலைகளில் ஏற வைத்த அறிவிப்புத் திலகம், வாழ்க! சொல்லைக் காக்கும் தெய்வமே, அவள் பெருமையைப் பாடி முடிக்குமட்டும் இந்த நா குழறாமல் காப்பாயாக. பாடப்போவது அவள் கோழி வாங்கிய கதை.

முப்பத்தோராண்டுகள் ரயில் நிலைய ஒலிபெருக்கி அறையில் வீற்றிருந்து, பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் பெற்று வீடு திரும்பிய அவ்வீராங்கனையின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அவள் குரலைக் கேட்டவர் எவரும் நின்றதில்லை. கேட்டார்கள், ஓடினார்கள், அக்குரலின் வேலையே அதுதான். வீட்டிலும் அதே கதை. அவள் கைப்பிடித்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை வழங்கிய அந்தப் பரோபகாரி, அவள் 'ஏங்க' என்று வாய்திறந்த கணமே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிடுவார். பழக்கதோஷம். ஆகவே கொல்லைப்புறத்தில் ஒரு கோழி வேண்டும் என்று முடிவு செய்தாள் மைக்கம்மா. தான் பேசினால் அது கேட்க வேண்டும், கேட்டபின் ஓடாதிருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

கண்ணாடிக்காரர் இசைந்தார். இசைந்த வாயாலேயே அரசாணையும் பிறப்பித்தார்.

"வளர்த்துக்கோ, வேணாங்கல. ஆனா பத்து நாள்ல ஒரு முட்டையாவது வந்தாகணும். வரலன்னா அதைத் திருப்பிக் குடுத்துட்டு வெள்ளை லெகார்ன் கோழி வாங்கிட்டு வந்துடுவேன். அது வருஷத்துக்கு முந்நூறு போடுமாம்!"

அங்ஙனமே ஒரு காலைப்பொழுதில், கையில் பிரம்புக் கூடையும் கண்ணில் கனலுமாக, கோழிப்பண்ணை என்னும் போர்க்களம் புகுந்தாள் மைக்கம்மா. பண்ணைக்காரர் விலையைச் சொல்ல வாயெடுக்குமுன் இடக்கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள், தொண்டையைக் கனைத்தாள், முழங்கினாள்.

"கோழிகளின் கனிவான கவனத்திற்கு!"

ஐயகோ! முந்நூறு முட்டைப் புகழும் பால்வெண் சிறகும் செங்கொண்டை மகுடமும் வாய்ந்த லெகார்ன் சேனை, முதல் முழக்கத்திலேயே சிதறி, கம்பிவலை மேலும் கூரைக் கம்பு மேலும் தொற்றி ஏறி, ஒன்றன் தலையில் ஒன்று மிதித்து ஓலமிட்டது. அச்சத்தில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. மைக்கம்மா பெருமூச்செறிந்தாள். அச்சு அசல் பயணிகள்.

அடுத்து எதிர்ப்பட்டது கருங்கோழி. கொண்டை முதல் நகம்வரை மையிருட்டைக் குழைத்துப் பூசிய அக்கரும்பேரழகி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கேட்டாள். பாதி அறிவிப்பில் முதுகைக் காட்டித் திரும்பி, குப்பையைக் கிளறலானாள். மூன்றாவதாக வந்தது பிராமா. யானைக் குட்டியின் நடையும் பாதம்வரை இறகுச் சராயும் பூண்ட அம்மாபெரும் கோழி, அறிவிப்பு தொடங்கியதும் நேரே மைக்கம்மாவின் காலடிக்கு வந்து, அசையாமல் நின்றது! பூரித்தாள் நம் தலைவி, மெய்சிலிர்த்தாள், மனத்துக்குள் பெயர்கூட வைத்துவிட்டாள். பிராமாவோ அவள் செருப்பு வாரைப் புழுவென்று எண்ணிக் கொத்திக்கொண்டிருந்தது. வார் வரவில்லை என்றதும் போய்விட்டது.

அந்நேரம், மூலையில் கவிழ்ந்த மரப்பெட்டிக்குள், வைக்கோல் அரியணைமேல், பிரித்துப்போட்ட தலையணைப் பஞ்சைக் கூட்டி வைத்தாற்போல ஒரு சில்கிக் கோழி வீற்றிருக்கக் கண்டாள். தாமத அறிவிப்பை விடுத்தாள், அது அசையவில்லை. ரத்து அறிவிப்பை விடுத்தாள்; அசையவில்லை. இறுதியில், நிலைய அதிகாரியையே ஒருமுறை வெறுங்காலோடு ஓட வைத்த கொடும்படைக்கலமாகிய நடைமேடை மாற்ற அறிவிப்பை, அடிவயிற்றிலிருந்து எடுத்து ஏவினாள். பண்ணைக்காரரே இரண்டடி நகர்ந்துவிட்டார். கோழியோ அரைக்கண் மூடி, 'க்ர்ர்ம்' என்றது.

உம் கொட்டியது! முப்பத்தோராண்டுகளில் முதன்முதலாக ஓர் உயிர் அவள் பேச்சுக்கு உம் கொட்டியது!

"அம்மா, அது அடைக்கு உக்காந்திருக்கு, இப்போதைக்கு..." என்று தொடங்கினார் பண்ணைக்காரர்.

"ஒரு வார்த்தை பேசாதீங்க! இதுதான் என் கோழி!"

வாங்குகிறவரே வாயைப் பொத்தினால் விற்கிறவர் ஏன் திறக்கப்போகிறார்? குஞ்சு பொரிக்கும் நினைப்பில் அடைக்கு உட்கார்ந்த கோழி இடத்தைவிட்டு எழாது, முட்டையும் இடாது என்பது ஊரறிந்த சேதி. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

ஒன்பது நாட்கள்! அவள் வாழ்வில் அப்படியொரு பொற்காலம் வந்ததில்லை. உள்ளதையும் இல்லாததையும், பக்கத்து வீட்டையும் எதிர்வீட்டையும், முழங்கால் வலியையும் மூத்த நாத்தனாரையும் கூண்டின்முன் அமர்ந்து அவள் சொல்லச் சொல்ல, கோழி 'க்ர்ர்ம், க்ர்ர்ம்' என்று கேட்டது. முட்டை மட்டும் வரவில்லை. நாள்தோறும் காலையில் கண்ணாடிக்காரர் வந்து குனிந்து, "இன்னைக்கும் இல்ல" என்று தீர்ப்புரைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஒன்பதாம் நாள் மைக்கம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "ஒண்ணே ஒண்ணு போட்டுடேன். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல." சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. இது போய்விட்டால் மறுபடியும் சுவரோடுதான் பேச வேண்டும்.

பத்தாம் நாள் விடிந்தது. சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்து, பிரம்புக் கூடையைக் கேடயமாக ஏந்தி, மைனஸ் எட்டுக் கண்ணாடி வெயிலில் பளபளக்கக் களம் புகுந்தார் கண்ணாடிக்காரர். கூண்டுக்குள் தலையை நுழைத்தார், கையை நீட்டினார். அந்தப் பஞ்சுமூட்டை சிலிர்த்துப் பலாப்பழம் போல் பருத்தது. முதற்கொத்து கட்டைவிரலில். இரண்டாம் கொத்து மணிக்கட்டில். மூன்றாம் கொத்து நேரே மூக்கின்மேல் விழ, மூக்கில் அமர்ந்திருந்த கண்ணாடி எகிறி வைக்கோலில் வீழ்ந்தது. வீழ்ந்ததை வெற்றிக்கோழி அலகால் இழுத்து, வயிற்றுக்கடியில் செருகி, அதன்மேல் அமர்ந்து, அடைகாக்கத் தொடங்கியது.

பார்வை வழங்கும் பரோபகாரிக்கு இப்போது சுவர் எது, வாசல் எது என்று தெரியவில்லை.

"அடியே, அதைக் கொஞ்சம் தூக்கேன்!"

"தூக்கினா என்னையும் கொத்தும். நாளுக்கு ஒருவாட்டி தீனிக்கு அதுவா எந்திரிக்கும். உக்காருங்க."

தடவித் தடவி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். செருப்பு எங்கே என்றும் தெரியவில்லை, கடை எந்தத் திசை என்றும் தெரியவில்லை. ஓட வழியில்லாத அந்நேரத்தில் எழுந்தது வெண்கலக் குரல்.

"கனிவான கவனத்திற்கு! கூண்டிலிருந்து எழ வேண்டிய கோழி, இன்று நாற்பது நிமிடம் தாமதமாக எழும். தடங்கலுக்கு வருந்துகிறோம்!"

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தைக் கண்டதும் மைக்கம்மாவின் குரல் தானாகத் தணிந்தது. ஒலிபெருக்கி இல்லாத, அவளே மறந்துபோன, சின்னக் குரலில் சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு நாள் பேய்மழை. வண்டியெல்லாம் நின்னு போச்சு, ஜனமெல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு. கடைசி நடைமேடையில ஒரே ஒரு ஆள் மட்டும் பெஞ்சுல குந்தியிருந்தாரு. பாவமா இருந்துச்சு. அவரு ஒருத்தருக்காகவே ரெண்டு மணி நேரம் விடாம அறிவிச்சேன். அவரு அசையவே இல்ல..."

"அப்புறம்?"

அப்புறம் என்றார்! வாளிமேல் அமர்ந்து, முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பி, அப்புறம் என்றார்! மைக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; அவருக்குத் தெரியாததால் தாராளமாகவே துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் போய்ப் பார்த்தா, அது ஆளே இல்லைங்க. எவனோ விட்டுட்டுப் போன படுக்கைச் சுருள்."

வாளி உருண்டது, கண்ணாடிக்காரரும் உருண்டார், மண்ணில் கிடந்தபடியே கண்ணீர் வரச் சிரித்தார். அக்களேபரத்தில் கோழி எழுந்தது, சோம்பல் முறித்தது, தீனித் தட்டை நோக்கி எழுந்தருளியது. சூடேறி, ஒரு பக்கம் எச்சமும் பூசிக் கிடந்த கண்ணாடியை அவள் எடுத்துத் துடைத்துக் கொடுக்க, அவர் மாட்டிக்கொண்டு வைக்கோலைப் பார்த்தார். முட்டை இல்லை. பத்தாம் நாள் கெடு முடிந்தது. பிரம்புக் கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூச்சை அடக்கி நின்றாள் மைக்கம்மா. அவரோ கூடையை ஓரமாக வைத்தார். உருண்ட வாளியை எடுத்துக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் மறுபடியும் உட்கார்ந்தார்.

"அந்தப் படுக்கையை என்ன பண்ணின?"

சொன்னாள், சொன்னாள், சூரியன் உச்சிக்கு ஏறுமட்டும் சொன்னாள். அன்று கண்ணாடிக் கடை திறக்கவே இல்லை.

சாயங்காலம் மளிகைக் கடையில் ஆறு முட்டை வாங்கிவந்தார்கள்.