எடையில்லாத எட்டாம் 'பி'

மனிதன் விண்வெளிக்குப் போனதே, திருமழிசைத் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருந்த பள்ளியின் எட்டாம் 'பி' பிரிவுக்கு விஞ்ஞானம் கற்பிக்கத்தான். உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மேலிடம் 1993-லேயே ஒப்புக்கொண்டு, விண்வெளி வீரர்கள் செய்துகாட்டும் பாடங்களை வீடியோ கேசட்டாக அனுப்பிவிட்டது.

விஞ்ஞான டீச்சர் ஞானகுமாரி கேட்டது கேசட் அல்ல. பிள்ளைகள் கல்லைத் தொங்கவிட்டு எடை பார்க்க, ஒரே ஒரு சுருள்வில் தராசு. ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு மனுக்களும் 'பரிசீலனையில்' இருந்தன. பேராசை பிடித்த டீச்சர்.

படம் ஓட்டும் பொறுப்பு பியூன் துலுக்கானத்துக்கு. காதுகுத்து வீடுகளில் வாடகை வீடியோ டெக் ஓட்டிய அனுபவஸ்தர். அவர் டி.வி.க்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நறுக்க, தலைமையாசிரியர் வேதமுத்து கண்மூடி ஜெபம் சொல்ல, விஞ்ஞானம் தொடங்கியது. விண்வெளி வீரர் கையிலிருந்து ஒரு கல்லை விட்டார். கல் அந்தரத்தில் நின்றது.

"இன்னா டீச்சர், கல்லு கீய வரமாட்டேங்குது. டெக்கு மாட்டிக்கிச்சா?" என்று துலுக்கானம் டெக்கை ஒரு தட்டு தட்டினார்.

"டெக் நல்லாத்தான் இருக்கு. அவரு, கல்லு, கப்பல் எல்லாம் ஒண்ணாவே விழுந்துகிட்டிருக்கு. அதான் மிதக்கிற மாதிரி தெரியுது."

"வுயுந்துகினு கீறாங்களா? யாராச்சும் போய்ப் புடிங்க டீச்சர்."

வேதமுத்து குறுக்கிட்டார். "விளக்கமெல்லாம் வேணாம் டீச்சர். அடுத்த வாரம் கல்வி அதிகாரி வர்றார். கேசட்ல இருக்கிறதைப் பிள்ளைங்க அப்படியே சொல்லட்டும். அவர் மனசு குளிர்ந்தா உங்க தராசுக்கு அங்கேயே கையெழுத்து."

அந்தக் கையெழுத்துக்காக ஞானகுமாரி ஒரு வாரம் வெட்கத்தை விட்டுப் பிள்ளைகளை உருப்போட வைத்தாள்.

அதிகாரி வந்தார். "கையிலிருந்து கல்லை விட்டால்?"

"மிதக்கும் சார்" என்றது முதல் பெஞ்சு. மிதக்கும் என்றன எல்லா பெஞ்சுகளும். நாற்பத்தொரு பேரும் சொன்னதில் அதிகாரி நெகிழ்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தார். மிச்சமிருந்தவள் எல்லம்மா.

"கீய வுயும் சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஊட்டாண்ட உட்டுப் பாத்தேன்" என்று வீங்கிய கால் கட்டைவிரலைக் காட்டினாள்.

ஞானகுமாரிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தராசு போயிற்று என்பதும் தெரிந்தது. அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

பத்தாம் நாள் 'மெமோ' வந்தது: 'கல்லுக்கு எடையில்லை என்பது கேசட் மூலம் நிரூபணமாகிவிட்டபடியால் தராசுக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மேற்படி கேசட்டுக்குப் புறம்பாக மாணவி ஒருத்தி சுயமாகச் சோதனை செய்த சம்பவத்துக்கு மூன்று தினங்களுக்குள் விளக்கமளிக்கவும்.'

ஞானகுமாரி அன்றே பதில் எழுதினாள்:

'ஐயா, என் கவனக்குறைவால் எட்டாம் "பி"யில் ஒரு குழந்தை விஞ்ஞானம் கற்றுக்கொண்டுவிட்டது. மற்ற நாற்பத்தொரு பேரை அந்த ஆபத்திலிருந்து தாங்களும் நானும் சேர்ந்து காப்பாற்றிவிட்டோம்.'