உரிமையாளர் இல்லையா?

"இது இன்னைக்கு எந்திரிக்காதுண்ணே" என்றார் இத்ரீஸ் பாய்.

கோரிப்பாளையத்தில் அவருடைய செல்போன் கடை மேசையில் கண்ணுச்சாமியின் போன் பதினோரு துண்டுகளாகக் கிடந்தது. முந்தின நாள் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வாளிக்குள் விழுந்த போன்.

"பன்னெண்டு மணிக்குள்ள ஒரே ஒரு பட்டன் அமுக்கணும் பாய். அம்புட்டுத்தான்."

"அமுக்கலைன்னா?"

"செத்துப்போயிருவேன்."

பாய் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

கண்ணுச்சாமி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். ஒரு பஸ் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால் டிரைவரின் வம்சத்தையே விசாரிப்பவர். போன வருஷம், தன்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லாமல் திடீரென்று செத்துப்போக, அந்தப் பயத்தில் இவர் 'சுகம்' என்கிற ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதில் 'இருக்கிறேன்' என்கிற பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கத் தவறினால், ஆள் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, அவர் எழுதி வைத்திருக்கும் கடிதங்களை உரியவர்களுக்கு அனுப்பிவிடும்.

அவர் எழுதி வைத்தது இரண்டு கடிதங்கள். மனைவி செல்லக்கிளிக்கு ஒன்று. எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பது போன்ற விவரங்கள். இன்னொன்று திருமங்கலத்தில் இருக்கும் அண்ணன் மொக்கைச்சாமிக்கு.

அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனது. அச்சகத்துக்காரன் தப்பு என்றார் அண்ணன். இவர் நம்பவில்லை. ஆப் ஏற்றிய அன்று பார்த்து, பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எதிரே வந்து, பார்த்தும் பார்க்காதது போலப் போனார். அந்தச் சூட்டிலேயே இவர் எழுதினார்: 'நான் செத்தாலும் நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. உன் கை பட்ட பூ என் மேல விழக் கூடாது.' மறுநாளே அழித்துவிட நினைத்தார். தினமும் நினைத்தார்.

"அண்ணன் வீட்டு நம்பர் எதுவும் என் மண்டையில இல்ல பாய். எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று துண்டுகளைக் காட்டினார்.

"பதறாதீங்க. உங்க சிம்மை என் போன்ல போட்டு, அந்த ஆப்பை இதுல ஏத்துவோம்."

ஏற்றினார்கள். பாஸ்வேர்டு கேட்டது. கண்ணுச்சாமி மூன்று தடவை தப்பாகப் போட்டார். நான்காவதாக ஓ.டி.பி. வந்து, ஒரு கேள்வி திரையில் நின்றது.

'உரிமையாளர் இல்லையா?'

கீழே இரண்டு பட்டன்கள். 'ஆம்', 'இல்லை'.

"இல்லைன்னு அமுக்குங்க" என்றார் பாய்.

"இல்லைன்னு அமுக்குனா நான் இல்லைன்னு எடுத்துக்காதா?"

"இல்லையான்னு கேக்குது. இல்ல, இருக்கேன்னு சொல்றீங்க."

"இருக்கேன்னு சொல்ல எதுக்கு இல்லைன்னு சொல்லணும்? ஆமா, இருக்கேன். அதான சரி?"

பாய்க்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். இருபது நொடி, பத்தொன்பது என்று ஒரு எண் குறைந்துகொண்டே வந்தது. நேரம் குறைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற பழக்கம் கண்ணுச்சாமிக்குக் கிடையாது. 'ஆம்' என்பதை அமுக்கினார்.

'ஆழ்ந்த இரங்கல்கள். கடிதங்கள் அனுப்பப்பட்டன.'

பாய் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வரைக்கும் சும்மா இருந்திருந்தா, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் உசுரோட இருந்திருப்பீங்கண்ணே" என்றார் பாய் வருத்தமாக.

கண்ணுச்சாமி அந்தப் போனிலேயே மனைவியைக் கூப்பிட்டார்.

"செல்லம், நான் செத்துப்போனதா ஒரு மெசேஜ் வரும். பயந்துறாத."

"வந்துருச்சு. பீரோ சாவி அரிசி டப்பாக்குள்ளயா கெடக்கு? எம்புட்டு நாளா தேடுறேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நான் செத்துட்டேன்னு வந்திருக்கு. நீ சாவியக் கேக்குற."

"நீங்கதான் பேசிட்டு இருக்கீங்களே."

"அண்ணனுக்கும் போயிருக்கு. நான் இப்பவே திருமங்கலம் போறேன். நீ ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, நான் செத்துட்டதா யாராச்சும் சொன்னா நம்ப வேணாம்னு சொல்லிரு."

சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். ஷேர் ஆட்டோவில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நகர்ந்துகொண்டிருந்த திருமங்கலம் பஸ்ஸில் தொற்றினார். பஸ் பழங்காநத்தத்தில் நின்றது. திருப்பரங்குன்றத்தில் நின்றது. ஆள் இல்லாத இடத்திலும் நின்றது. ஒவ்வொரு தடவையும் கண்ணுச்சாமி எழுந்து போய் டிரைவரின் முதுகைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் இந்நேரம் அதை வாசித்திருப்பாரா? அவர் வயலில் இருந்தால் போன் வீட்டில் இருக்கும். எடுத்து அழித்துவிடலாம். வயலுக்குப் போயிருக்க வேண்டும், சாமி.

டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் அவரைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முன்பு ஆரப்பாளையம் பஸ்ஸில் ஓடிய தவசி.

"அண்ணே, நீங்களா?"

"ஏன்டா?"

"இப்பத்தான் எங்க குரூப்புல உங்க போட்டோவைப் போட்டு கண்ணீர் அஞ்சலின்னு வந்துச்சு. உங்க வீட்லருந்தே ஸ்டாண்டுக்குப் போன் பண்ணிச் சொன்னாங்களாம்ல."

செல்லக்கிளி சொல்லத்தான் செய்திருக்கிறாள். ஹாரன் சத்தத்தில் எதிர்முனைக்கு 'செத்துட்டதா' வரைக்கும்தான் கேட்டிருக்கிறது. நம்ப வேணாம் என்பது காற்றோடு போய்விட்டது.

"அது பொய்னு போடுறா."

தவசி போட்டான். பத்து விநாடியில் பதில்கள் வந்தன. 'பாவம், தவசியால தாங்க முடியல.' 'மனசைத் தேத்திக்க மாப்ள.'

திருமங்கலத்தில் அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு முனியாயி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்க?"

"மதுரைக்கு, கார் வச்சுப் போயிருக்காக. அவுக தம்பி செத்துப்போச்சாம்."

"நான்தான் அந்தத் தம்பி."

முனியாயி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப நீங்க அங்கல்ல இருக்கணும்" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு உட்காரவே முடியவில்லை. வாசப்படி மிதிக்காதே என்று எழுதியதை வாசித்துவிட்டு, அதே வாசலுக்கு அண்ணன் கார் வைத்துப் போகிறார் என்றால் எதற்கு? இழவு வீட்டில் நாலு பேர் முன்னால் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டத்தான் இருக்கும். 'பாருங்கய்யா என் தம்பி யோக்கியதையை' என்று. செல்லக்கிளி முகத்தில் எப்படி விழிப்பது? செத்தே போயிருக்கலாம் என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஆரப்பாளையத்தில் அவர் தெருமுனையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆரம்பித்துவிட்டன. ஸ்டாண்டுக்காரர்கள் ஆளுயர மாலையோடு நின்றார்கள். செல்லக்கிளி ஒவ்வொருவரிடமும் "அவரு நல்லா இருக்காரு" என்று சொல்ல, அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமா தாயி, எங்க மனசுல இருக்காரு" என்றார்கள்.

வாசற்படியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மொக்கைச்சாமி.

"அண்ணே" என்றார் கண்ணுச்சாமி.

மொக்கைச்சாமி நிமிர்ந்தார். எழுந்து வந்தார். ஓங்கி ஒரு அறை விட்டார். கண்ணுச்சாமி அதை எதிர்பார்த்திருந்தார். அடுத்ததை எதிர்பார்க்கவில்லை. அண்ணன் அவரை அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்துக் குலுங்கி அழுதார்.

"அப்படி எழுதுவியாடா? அப்படி எழுதலாமாடா எனக்கு?"

"ஏதோ கோவத்துல எழுதிட்டேண்ணே."

"கோவத்துல எழுதுன எழுத்தாடா அது? 'பத்திரிகையில பேரு இல்லைன்னு ஒம்போது வருசம் மொகம் திருப்புனது என் சின்னப்புத்தி. நீ வந்து உன் கையால நாலு பூ போட்டாத்தான் எனக்குப் போற வழி தெரியும்'னு எழுதியிருக்கியே. வர்ற வழியெல்லாம் எனக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு. அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல உன்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போனேனே, நான் மனுசனாடா?"

ஆப் ஏதோ குளறுபடி செய்துவிட்டது என்று கண்ணுச்சாமி நினைத்தார். யாரோ ஒரு நல்ல தம்பி தன் அண்ணனுக்கு எழுதியது இங்கே மாறி வந்துவிட்டது. அப்படியென்றால் இவர் எழுதியது எந்தப் பாவி மனுஷனுக்குப் போனதோ. ஆனாலும் அண்ணனின் கை முதுகில் இருந்தது. அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை. அவரும் அழுதார். ஸ்டாண்டுக்காரர்கள் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்து, "செல்லக்கிளி, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்று ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டில் சத்தம் போட்டார். கண்ணுச்சாமிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அண்ணன் மனைவி முத்துத்தாயிடம் மெல்லப் போய் நின்றார்.

"மதினி, அண்ணன் போனை ஒரு நிமிசம் குடுங்களேன். அந்த லெட்டர்ல ஒரு சந்தேகம்."

"அதை அழிச்சுட்டேன் கொழுந்தனாரே."

"ஏன் மதினி?"

முத்துத்தாய் அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கண்ணனுக்குக் கிட்டப்பார்வை மங்குனதுலருந்து போன்ல வர்றதையெல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்றேன், நீங்க எழுதுனத மட்டும் வாசிக்கல."