ஆகாய ஓடத்தின் கயிறு எங்கே?

மாரிகுப்பம்,
கோலார் தங்கவயல்.
11.9.1998

‘மணிப்புறா’ சித்திரக்கதை ஆசிரியர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற சாம்ராஜ் கும்பிட்டு எழுதிக்கொள்வது. தாங்களும் அச்சாபீஸில் உள்ள அனைவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை. காரணம் தாங்கள்தான்.

தங்கள் ‘எழுவர் படை’ வீரர்கள் பறப்பதற்கு ஓர் ஆகாய ஓடம் வரைந்து அனுப்பச் சொல்லி வாசகர்களுக்குப் போட்டி வைத்தீர்கள். சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம், இரும்புக் கயிற்றில் தொங்கும் கேஜில் ஆட்களை இறக்கி ஏற்றிய எஞ்சின் டிரைவர் நான். ஆளை ஏற்றுகிற கூண்டு எப்படி இருக்க வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? நாலு நாள் உட்கார்ந்து, கதவு, தாழ்ப்பாள், ஏழு பேருக்கும் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் மேலே கட்டைவிரல் கனத்தில் இரும்புக் கயிறு என்று பென்சிலில் வரைந்து அனுப்பினேன். கயிற்றின் மறுமுனை எங்கே என்பீர்கள். அது காகிதத்துக்கு வெளியே போகிறது.

இந்த மாத இதழைப் பிரித்ததும் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது ஐயா! அட்டையில் என் ஓடம். கீழே ‘வடிவமைப்பு: சாம்ராஜ், மாரிகுப்பம்’. மேலே கயிற்றைக் காணோம்! ஏழு உயிர், அதில் ஒரு பெண்பிள்ளை வேறு, அந்தரத்தில் ஒரு பிடிமானமும் இல்லாமல் நிற்கிறது. பார்பர் கடையில் இதழ் கைமாறி, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. என் கேஜ் கிளம்ப மணியடிச்ச பர்னபாஸ் தெருவுல இருந்தே கத்துறான், “இன்னாடா சாம்ராஜு, ரோப்பே இல்லாம ஏழு பேர ஏத்தி உட்டுக்கீற! புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?” நான் இல்லப்பா, பத்திரிகைக்காரங்கதான் எடுத்துட்டாங்கன்னா யார் கேக்குறாங்க? பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் வீட்டுக்காரர் இருபது வருஷம் என் கேஜில் இறங்கினவர். அந்தம்மா வாசல்ல நின்னுக்கினு, “எங்க வூட்டுக்காரரு உங்க கைய நம்பித்தானே அண்ணா எறங்கினாரு?” என்று அழுதே விட்டார்கள். என் கையில் ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட்டதில்லை ஐயா. அந்தப் பேர் போச்சு! மானம் போச்சு!

ஆகவே, அடுத்த இதழில் கயிற்றை மறுபடி போட்டு, ‘இது எங்கள் குற்றமே, சாம்ராஜ் குற்றமல்ல’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடும்படி மன்றாடுகிறேன். கர்த்தர் தங்கள் குடும்பத்தை ஆசீர்வதித்து, தங்கள் ஓவியருக்கு எதையும் வெட்டாத கையைத் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
சாம்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டக் கொடுத்தால், என் மனைவி டெய்சி கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அன்றைக்குப் படத்தைத் தபாலில் சேர்க்கும் முன்னால் ரப்பர் வைத்துக் கயிற்றை அழித்தவளே அவள்தானாம்! “முப்பத்தோரு வருசமா அந்த ரோப்பயே பாத்துக்கினு உக்காந்துட்ட. உன் வண்டி ஒரு தபாவாவது சும்மா பறக்கட்டுமேன்னுதான்” என்கிறாள். அடிப்பாவி! திட்ட வாயெடுத்தவன் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தேன்; பறக்கத்தான் செய்கிறது. தங்கள்மேல் குற்றமில்லை, மன்னிக்கவும். கயிறும் வேண்டாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஏழு பேரையும் நடுவானத்தில் விட்டு ‘தொடரும்’ போட்டிருக்கிறீர்கள். கீழே போன கடைசி ஆள் மேலே வராமல் எஞ்சின் டிரைவர் இடத்தைவிட்டு எழக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர்கள் நல்லபடியாய் வீடு வந்து சேர்ந்தார்களா என்று ஒரு கார்டு போடவும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.