கம்ப்யூட்டரைத் தொடாதே

இளையபெருமாள் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு சட்டம் இயற்றினார். அதை அட்டையில் சிவப்பு மையால் எழுதி, டிவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியும் விட்டார். 'கம்ப்யூட்டரைத் தொடாதே.' மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். வீட்டில் மிச்சம் அவரும் மனைவி சிந்தாமணியும்தான். ஆகவே சட்டம் யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது என்னவோ சிந்தாமணியின் அண்ணன் செல்லப்பன் புண்ணியத்தில். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். பார்வைக்குத் தடித்த டைப்ரைட்டர் பலகை மாதிரி இருக்கும். டிவியோடு சேர்த்தால் அடிக்கிற எழுத்து திரையில் விழும். அந்த 1988இல் அரியலூரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒன்று கிடையாது என்று இளையபெருமாள் நம்பினார். நம்பியதோடு நின்றிருக்கலாம். தான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலை ஸ்டோர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பேச்சு மேனேஜர் தர்மராஜ் காதுக்குப் போனது.

"ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போவுது இளையபெருமாள். ஒருத்தரை மூணு மாசம் மெட்ராஸ் அனுப்பிக் கத்துக்க வைக்கணும். விஜயதசமி அன்னிக்கு வூட்டுக்கு வரேன். ஓட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா உங்க பேர்தான்."

மூன்று மாதம்! லாட்ஜில் தனி அறை. காலையில் ஓட்டல் பொங்கல். மாலையில் கடற்கரை. 'எங்க போறீங்க, எப்ப வருவீங்க' என்று கேட்க ஆளில்லாத தொண்ணூறு நாள். இருபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டு இப்படி ஆசைப்படுவது தப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தப்புதான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதனால் ஆசை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஒயர்களை எல்லாம் கழற்றி, கம்ப்யூட்டரைத் துடைத்து மனையில் வைத்தார். கெட்டியாகச் சந்தனம் குழைத்தார். முன்னால் ஒன்பது பொட்டு. பின்னால் ஏழு பொட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் குங்குமம்.

"ஏங்க, பின்னாடி அந்த..."

"தொடாதே!"

"நான் எங்கங்க தொட்டேன்? சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லவும் வேண்டாம். இது சயின்ஸ். உனக்குப் புரியாது" என்றார் இளையபெருமாள், சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி.

மறுநாள் விஜயதசமி. குளித்து, நெற்றியில் விரலால் சந்தனம் இட்டு, ஒயர்களை மாட்டி, நல்ல நேரம் பார்த்து ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போட்டார். டிவி இரைந்தது. கம்ப்யூட்டரில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். கெஞ்சினார். பத்து மணிக்கு மேனேஜர் வந்துவிடுவார்.

"பீஸ் போயிருக்குமோ?" என்று முனகினார்.

"போன வாரமே மணியார்டர் போயிடுச்சுங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"அது பையன் பீஸ்டி! நான் சொல்றது மெயின்ல இருக்கிற பீஸ்!"

"அது போயிருந்தா டிவி எப்படி இரையுது? உங்க தலைக்கு மேல காத்தாடி எப்படிச் சுத்துது?"

அண்ணாந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் கொஞ்சம் ஏளனமாக.

"சிறுவாச்சூர்த் தாயே! இது மட்டும் எரியட்டும், இன்னிக்கே வந்து மாவிளக்குப் போடறேன்!"

"இன்னிக்கு வியாழக்கிழமைங்க. அந்தக் கோயிலு திங்களும் வெள்ளியும்தான் தொறப்பாங்க."

மணி ஒன்பதே முக்கால். கடற்கரை கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது.

"சிந்தாமணி" என்றார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. "நேத்து என்னமோ சொல்ல வந்தியே..."

"சயின்ஸுன்னீங்க."

"இப்பச் சொல்லேன்."

"சொல்லிக் காட்ட முடியாதுங்க. தொட்டுத்தான் காட்டணும். சட்டம் இருக்கே."

இளையபெருமாள் அட்டையை ஆணியிலிருந்து கழற்றினார்.

சிந்தாமணி ஸ்விட்சை அணைத்து ஒயரை உருவினாள். தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்தாள். கம்ப்யூட்டரின் முதுகில், கரண்டு ஒயரைச் செருகுகிற சின்ன ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஊதினாள். ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஏழாவது பொட்டுங்க. கரண்டு வர்ற வழியில வச்சுட்டீங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

தர்மராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க, ஏதாவது செய்யச் சொல்லுங்க."

இளையபெருமாள் ஒற்றை விரலால் தேடித் தேடி 'வணக்கம் சார்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். திரையில் 'சின்டாக்ஸ் எரர்' என்று விழுந்தது.

"என்ன சொல்லுது?"

"டாக்ஸ் பாக்கிங்குது சார். மச்சான் சிங்கப்பூர்ல கட்டாம வந்துட்டான் போல."

பின்னால் காப்பி டம்ளர் கிணுங்கியது. "அது டாக்ஸ் இல்லீங்க சார், சின்டாக்ஸ். எழுதின முறை தப்புங்குது. பிரிண்ட்னு போட்டு, ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பத்து விரலாலும் அடித்தாள். திரை 'வணக்கம் சார்' என்றது. இன்னும் ரெண்டு வரி சேர்த்தாள். திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வணக்கம் வணக்கமாக ஓடியது.

"எப்படிம்மா இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஜெயங்கொண்டத்துல டைப்பிங் ஹையர் முடிச்சேன் சார். மிச்சத்தை அண்ணன் குடுத்த புத்தகத்தைப் பாத்துக் கத்துக்கிட்டேன். இவங்க ஷிப்டுக்குப் போற நேரத்துல."

"தொடக் கூடாதுன்னு எழுதியே வச்சிருந்தேனே!"

"புத்தகத்துல எழுதி வக்கலையேங்க."

தர்மராஜ் காப்பியைக் குடித்து முடித்தார். இளையபெருமாளின் தோளைத் தட்டினார்.

"கொடுத்து வச்சவர்யா நீங்க. வாத்தியாரம்மா வூட்லயே இருக்கறப்ப மெட்ராஸ் எதுக்கு? தினம் ஷிப்டு முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் உக்காருங்க. மூணு மாசம். தேறிட்டீங்கன்னு அம்மா எழுதிக் குடுக்கட்டும், நான் ஒத்துக்கறேன்."

ஸ்கூட்டர் போய்விட்டது. லாட்ஜ், ஓட்டல் பொங்கல், கடற்கரை எல்லாம் அதன் பின்சீட்டில் ஏறிப் போயின. இளையபெருமாள் வாசற்கதவைச் சாத்தினார். சரி, இங்கேயாவது நாலு எழுத்து அடிப்போம் என்று திரும்பி வந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றாள் சிந்தாமணி, அட்டையை மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டே. "மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. சந்தனம்."