லீக்கேஜும் சீப்பேஜும், உன் அறைச் சுவரும்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீயும், பிறந்து இருபது நாளான சின்ன முதலாளியும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடந்ததெல்லாம் நான் முன்பே சொன்னதுதான். இந்தப் படுக்கையறைச் சுவர் ஒருநாள் தன் வேலையைக் காட்டும் என்று நீ வீடு வாங்கிய அன்றே சொன்னேன். நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை குழந்தையோடு வருவதற்குள் சுவர் காய வேண்டும், அந்த ஈரம் லீக்கேஜா சீப்பேஜா என்று பிளம்பரிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தாய். அவரோ என்னையே பார்க்கச் சொன்னார்.

"லீக்கேஜ்னா உள்ள குழாய் உடைஞ்சிருக்கு, சுவரை வெட்டணும். சீப்பேஜ்னா மேல் வீட்டு பாத்ரூம் தரையிலேருந்து ஊறுது, அங்க பூசினாப் போதும். பார்த்து வைங்க பெரியவரே, மத்தியானம் வர்றேன்."

இங்கிலீஷில் என்னை அசைக்க ஆள் கிடையாது. லீக்கேஜ் என்பது அவசரக்காரத் தண்ணீர், ஓட்டை கிடைத்தால் ஓட்டம்தான். சீப்பேஜ் என்பது யோசனைக்காரத் தண்ணீர், ஒரு செங்கல்லைத் தாண்ட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். எது என்று பார்த்துவிடலாம் என நாற்காலியைச் சுவரோரம் போட்டுச் சாய்ந்தேன். ஈரம் முதலில் உள்ளங்கை அளவு இருந்தது, அப்புறம் படுத்திருக்கும் மாடு, அப்புறம் கரையும் தீவுமாக ஒரு தேசம், அதற்குள்ளே நான் செருப்பில்லாமல் நடக்கிறேன், பக்கத்தில் ஒரு ஆறும் பேசிக்கொண்டே வருகிறது, அதற்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை. பிளம்பர் தோளைத் தட்டியபோது சட்டை முதுகு நனைந்திருந்தது.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"லீக்கேஜ். ஓடுற சத்தத்தையே கேட்டேன்."

ஒரு முழம் வெட்டினார். குழாய் பவுடர் பூசியதுபோல் உலர்ந்து கிடந்தது.

"எங்க பெரியவரே, ஓடின தண்ணி?"

"உங்க சுத்தியலைப் பார்த்து பயந்திருக்கும்."

சீப்பேஜ் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். ஆளுக்குத் தொழில் தெரியுமா என்று சோதித்தேன். மேல் வீட்டம்மாவும் தரையைப் பூச விட்டார்கள். வெட்டிய இடத்தை அடைத்தாயிற்று, சுவர் சுக்காகக் காய்ந்துவிட்டது, தைரியமாகப் புறப்பட்டு வா. சின்ன முதலாளி என்னைவிட உயரமாக வளர்ந்து, என் அளவுக்காவது இங்கிலீஷ் கற்க ஆசிகள்.

உன் மாமா

பி.கு.: சுவர் காய்ந்தது என்று எழுதியது மட்டும் என் கைச்சரக்கு. இன்னும் பத்து நாளாகுமாம். தொட்டிலை என் அறையில் போட்டிருக்கிறேன், அங்கே நல்ல வெயில் வருகிறது. உன் அறைக்கு நான் மாறிவிட்டேன், தும்மலைத் தவிர வேறு குறையில்லை. ஈரம் என்று எழுதினால் வருவதைத் தள்ளிப்போடுவாய். குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.